விருந்து கொடுத்தவர், இரண்டாம் எதிரி

காவல் துறையிலிருந்து ஓய்வு பெற்றால் போன் ஓயும் என்று நினைத்திருந்தேன். ஓயவில்லை. டிசம்பர் வந்தால் போதும், எனக்கு வருகிற அழைப்புகளில் பாதி ஒரே கேள்விதான். “மேடம், வீட்ல ஒரு சின்ன கெட்-டுகெதர். கொஞ்சம் டிரிங்க்ஸும் இருக்கும். வர்றவங்க யாராவது குடிச்சிட்டுப் போய் எங்கயாவது இடிச்சிட்டா கேஸ் நம்ம மேல வருமா?”

போன வாரம் கூப்பிட்டவர், தி. நகரில் என் மகள் குடியிருக்கும் அடுக்ககத்தின் சங்கச் செயலாளர். மொட்டை மாடியில் விருந்து வைக்கிறார்களாம். ‘நான் குடித்ததற்கு நானே பொறுப்பு, விருந்து கொடுத்தவருக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை’ என்று விருந்தாளிகளிடம் கையெழுத்து வாங்கிவிட்டால் போதுமா, அந்த வாசகத்தை நானே எழுதிக் கொடுக்க முடியுமா என்று கேட்டார்.

“கையெழுத்தை வரும்போது வாங்குவீங்களா, போகும்போது வாங்குவீங்களா?”

“போகும்போதுதான் மேடம். எவ்வளவு குடிச்சாங்கன்னு அப்பத்தானே தெரியும்.”

நான் போனை வைத்துவிட்டேன். பேனா பிடிக்கக் கை நிற்காத ஆளிடம் காகிதத்தை நீட்டுவாராம். அதே கை அடுத்த நிமிடம் ஸ்டீயரிங்கைப் பிடிக்கப் போகிறதே என்று மட்டும் அவருக்குத் தோன்றவில்லை.

நேராகவே சொல்லிவிடுகிறேன். வீட்டுக்கு வந்தவருக்கு ஊற்றிக் கொடுத்தார் என்பதற்காக மட்டும் ஒருவரைப் பிடித்து உள்ளே வைக்கும்படி நம் சட்டத்தில் தனியாக ஒரு வரி இல்லை. இருபத்தொரு வயது ஆகாதவருக்குக் கொடுத்தால் அது வேறு கதை. ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்தில், குடித்துவிட்டு ஓட்டுவதற்கான 185-ஆம் பிரிவைக் கேள்விப்படாத ஆள் சென்னையில் கிடையாது. அதிலிருந்து மூன்று எண் தள்ளி 188 என்று ஒன்று இருக்கிறது. அந்தக் குற்றத்துக்கு உடந்தையாக இருந்தவருக்கும் அதே தண்டனை என்கிறது அது. வக்கீல்களிலேயே பலர் அந்தப் பக்கத்தைப் புரட்டியதில்லை. நாற்பத்தைந்து வயது வரை நானும் புரட்டியதில்லை.

நான் இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்ந்தவள். பயிற்சியில் அணிவகுப்பு, துப்பாக்கி, சட்டம் எல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள். எதை வேலையில் பயன்படுத்தினேனோ அதை மட்டும் அங்கே சொல்லிக் கொடுக்கவில்லை. பிறகு பெரும்பாலும் போக்குவரத்துப் பிரிவு. வெயில், புகை, ஊதச் சொன்னால் உறிஞ்சுகிற ஆட்கள். குடித்தவனை ஊத வைப்பது பெரிய வேலை இல்லை. அவனுக்குக் கொடுத்து அனுப்பியவரை வாய் திறக்க வைப்பதுதான் வேலை.

அதை முதலில் எனக்குக் காட்டியது மயிலாப்பூரில் நடந்த ஒரு சின்ன விபத்து. அப்போது நான் தலைமைக் காவலர். பகல் விருந்தில் குடித்துவிட்டு ஸ்கூட்டரில் கிளம்பிய ஒருவர், குளத்தைச் சுற்றி வரும்போது தானாகவே சறுக்கி விழுந்து தோள்பட்டையை உடைத்துக்கொண்டார். வேறு யாருக்கும் அடி இல்லை. நான் மருத்துவமனையில் வாக்குமூலம் எழுதிக்கொண்டிருந்தபோது, விருந்து கொடுத்தவர் கையில் டிபன் கேரியருடன் வந்து சேர்ந்தார். எழுபதை நெருங்கியவர். நண்பருக்கு இட்லியை விண்டு விண்டு ஊட்டினார். பிறகு என்னைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அம்மா, எங்காத்துல சாப்டுட்டுதான் கிளம்பினார். அதை எழுதாம இருந்தா தேவலை. எங்காத்து பேர் இதுல வரப்படாது. அவர்தான் பிடிவாதமா வண்டியை எடுத்துண்டு போனார், நாங்க என்ன பண்ணுவோம், சொல்லுங்கோ?”

அவர் கண்ணில் நீர் இருந்தது. நண்பர் மேல் உண்மையான பிரியம்தான். ஆனால் அவர் கேட்டது நண்பரைப் பற்றி இல்லை. நான் ‘நண்பர் வீட்டிலிருந்து வரும் வழியில்’ என்று மட்டும் எழுதினேன். எந்த நண்பர், எந்த வீடு, யாருமே கேட்கவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே எனக்கு எரிச்சல் வரும்.

பிறகு சார்பு ஆய்வாளராகி, விபத்துகளை விசாரிக்கும் புலனாய்வுப் பிரிவுக்கு வந்தேன். அங்கே இருந்த இன்ஸ்பெக்டர் அருள்தாஸ் என்னைவிடப் பத்து வயது சின்னவர். நேரடியாகத் தேர்வானவர். குரலை உயர்த்தவே மாட்டார். கத்துகிற அதிகாரிகளைச் சமாளித்துப் பழகிய எனக்கு அதுவே ஒரு தலைவலி. கத்துகிறவர் கத்தி முடித்தால் வீட்டுக்குப் போகலாம். இவர் முடிக்கவே மாட்டார்.

‘குடிபோதையில் இருந்தார்’ என்று அறிக்கையில் எழுதிக்கொண்டு போனால் திருப்பித் தந்துவிடுவார். “போதைங்கறது டாக்டர் சொல்ல வேண்டியது மேடம். நீங்க பார்த்தது என்ன? நின்னாரா, எதையாவது பிடிச்சுக்கிட்டு நின்னாரா? செருப்பு கால்ல இருந்துச்சா? பேர் கேட்டா முதல் தடவையே சொன்னாரா?” திரும்பப் போய் எழுதுவேன்.

அதைவிடக் கொடுமை இன்னொன்று. பழைய தினசரிக் காலண்டர் தாள்களைச் சேர்த்து வைத்திருப்பார். ஒரு விபத்து வந்தால் தாளின் பின்பக்கத்தில் நடுவில் கோடு போட்டு, இடதுபக்கம் நேரம், வலதுபக்கம் நடந்தது என்று, மோதிய நிமிடத்திலிருந்து பின்னோக்கி எழுதுவார். ஒவ்வொரு வரிக்கும் ஒரே கேள்வி: “அதுக்கு முன்னாடி?” சிக்னலில் நின்றார் சார். அதுக்கு முன்னாடி? பெட்ரோல் போட்டார் சார். அதுக்கு முன்னாடி? எனக்குச் சாப்பாட்டு நேரம் போய்விடும். ஒருநாள் பொறுக்க முடியாமல், “அதுக்கு முன்னாடி அவங்க அம்மா அவரைப் பெத்தாங்க சார்” என்றேன். அவர் சிரிக்கவில்லை. “நடுவுல ஏதோ விட்டுப்போச்சு மேடம்” என்றார்.

கன்னியம்மா வழக்கு வந்தது அப்போதுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் நான்கு மணி இருக்கும். அடையாறு பக்கமிருந்து பாலம் தாண்டி வந்த வெள்ளைக் கார் ஒன்று பசுமைவழிச் சாலையில் நடைபாதை மேல் ஏறிப் பேருந்து நிறுத்தத்தின் தூணில் இடித்து நின்றது. தூணுக்கும் காருக்கும் நடுவே கன்னியம்மாவின் வலது கால். நொச்சிக்குப்பத்துக்காரி. ஐம்பது வயதைத் தாண்டியவள். ஞாயிறு காலையில் வீடு வீடாக மீன் கொடுத்துவிட்டு, காலி அன்னக்கூடையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேருந்துக்கு நின்றிருக்கிறாள். முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டு இடத்தில் உடைந்துவிட்டது.

காரை ஓட்டி வந்தவர் பெயர் சேகர். ஒரு பெரிய கம்பெனியில், உதிரிபாகங்கள் யாரிடம் வாங்குவது என்று முடிவு செய்யும் மேலாளர். நான் போனபோது கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு காலில்தான் செருப்பு. பெயரை மூன்றாவது தடவையில் சொன்னார். அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போய் ரத்தம் எடுக்க வைத்தோம். பிறகு முடிவு வந்தபோது, அனுமதித்த அளவைப் போல ஐந்து மடங்குக்கு மேல் இருந்தது.

எனக்கு அது முடிந்த வழக்கு. குடித்தான், ஓட்டினான், இடித்தான். அருள்தாஸ் காலண்டர் தாளை எடுத்தார்.

“எங்கேயிருந்து வர்றார்?”

“கோட்டூர்புரத்துல ஃப்ரெண்டு வீட்ல விருந்தாம் சார்.”

“எந்த ஃப்ரெண்டு?”

எனக்கு மயிலாப்பூர் தாழ்வாரம் ஞாபகம் வந்தது. வண்டியை எடுத்தேன்.

விருந்து கொடுத்தவர் ரவிச்சந்திரன். ஈக்காட்டுத்தாங்கலில் பத்துப் பன்னிரண்டு பேரை வைத்து லேத் பட்டறை நடத்துகிறவர். புதிதாக ஓர் இயந்திரம் வாங்கியதற்காக அந்த விருந்து. சேகர் கொடுக்கிற ஆர்டரில்தான் பட்டறையில் பாதி வேலை ஓடியது. மரியாதையான மனிதர். எனக்குக் காபி கொடுக்கச் சொன்னார். பிறகு, “அவர் குடிச்சதே எனக்குத் தெரியாது மேடம்” என்றார்.

சாப்பாட்டு மேஜையில் இன்னும் கண்ணாடிக் கோப்பைகள் இருந்தன. நான் அவற்றைப் பார்த்தேன். அவரும் பார்த்தார்.

“கொஞ்சமாத்தான் குடிச்சார்.”

“கார் சாவியை யார் கொடுத்தது?”

“சாவி கீழே வாட்ச்மேன்கிட்ட இருந்துது மேடம். நான் மேலயே பை சொல்லிட்டேன். அவர்தான் கொடுத்திருப்பார்.”

அவர் மனைவி மாலதி சமையலறை வாசலில் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கீழே வாட்ச்மேன் முனுசாமி கேட்பதற்கு முன்பே சொன்னார். “நான்தான் மேடம் சாவி குட்த்தேன். என் மேல தப்பு.”

அதுவரையிலான இருபது வருட அனுபவத்தில், கேட்பதற்கு முன் தன் மேல் தப்பு என்று சொன்ன முதல் ஆள் அவர்தான். எனக்கு எரிச்சலாக வந்தது. அந்த மனிதர் மேல் இல்லை. அவருக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவர் மேல்.

தரைத்தளத்தில் இருந்த கேமரா பதிவைக் குடியிருப்புச் சங்கத்தாரிடம் எழுதிக் கொடுத்து வாங்கிக்கொண்டு வந்தோம். அருள்தாஸும் நானும் நிலையத்தில் உட்கார்ந்து பார்த்தோம். மூன்று மணி நாற்பத்தொரு நிமிடம். லிஃப்டிலிருந்து இரண்டு பேர் வருகிறார்கள். சேகர் ஒரு தூணில் கை வைத்து நிற்கிறார். முனுசாமி வாசல் பக்கம் போய்க் கேட்டைத் திறக்கிறார், அவ்வளவுதான். அவர் கார் பக்கமே வரவில்லை. ரவிச்சந்திரன் தன் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்துச் சேகரிடம் கொடுக்கிறார். சேகர் ஏறி வண்டியைக் கிளப்புகிறார். பின்னால் வர வேண்டிய கார் முன்னால் பாய்ந்து, தூணுக்கு ஒரு சாண் இருக்கும்போது நிற்கிறது.

ரவிச்சந்திரன் ஓடிப் போய்க் கண்ணாடியைத் தட்டுகிறார். சேகரை இறக்குகிறார். தானே ஏறி உட்கார்ந்து, முன்னும் பின்னுமாக மூன்று தடவை ஒடித்து, பக்கத்துக் காரின் மேல் படாமல் வண்டியை அழகாக வெளியே எடுத்து, வாசலைப் பார்த்து நிறுத்துகிறார். பிறகு இறங்குகிறார். கதவைப் பிடித்துக்கொண்டு சேகரை மறுபடி உள்ளே உட்கார வைக்கிறார். உள்ளே குனிகிறார். நிமிர்கிறார். கதவைச் சாத்திவிட்டுக் கையாட்டுகிறார்.

அருள்தாஸ் அந்தக் குனிகிற இடத்தை நான்கு தடவை ஓட்டிப் பார்த்தார்.

“மேடம், பெல்ட்டும் போட்டு விட்டிருக்கார்.”

அன்றைக்குத்தான் அவர் 188-ஆம் பிரிவைத் திறந்து என் முன்னால் வைத்தார். “குடிக்கக் கொடுத்தது இருக்கட்டும். வண்டியை வெளியே எடுக்க முடியாத ஆள்னு தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சே ரோடைப் பார்த்து நிறுத்தி ஏத்தி விட்டிருக்கார். கேஸ்ல சேகர் முதல் எதிரி, இவர் இரண்டாம் எதிரி.”

முனுசாமியைக் கூப்பிட்டுப் பதிவைக் காட்டினேன். தலையைக் குனிந்துகொண்டார். “இன்னா பண்றது மேடம். ‘நீ குட்த்தேன்னு சொல்லிடு, உனக்கு ஒண்ணும் ஆவாது’ன்னு சாரு சொன்னாரு. முடியாதுன்னா வேல போய்டும். கேஸு என் மேலயே வரும்னு எனக்கு இன்னா தெரியும்?”

மறுநாள் ரவிச்சந்திரன் நிலையத்துக்கு வந்தார். அவருக்கும் பதிவைக் காட்டினேன். ஏன் நீங்கள் வண்டியை வெளியே எடுத்தீர்கள் என்று கேட்டேன்.

“பக்கத்துல இருந்தது எதிர் வீட்டுக்காரர் கார் மேடம். புதுசு. போன வாரம்தான் எடுத்தார். உரசிட்டா பெரிய பிரச்சனை ஆயிடும்னு...”

ஒரு காரின் பெயின்டுக்காக யோசித்திருக்கிறார். வாசலுக்கு வெளியே இருந்த ஊரைப் பற்றி யோசிக்கவில்லை.

“நீங்க குடிச்சிருந்தீங்களா?”

“இல்லை மேடம். எனக்கு சுகர். தொடறதே இல்லை.”

“அவரை அங்கேயே படுக்க வெச்சிருக்கலாமே?”

“என் வைஃப் அதைத்தான் சொன்னா. நான்தான் வேண்டாம்னேன். ‘உங்களால ஓட்ட முடியாது’ன்னு அவர் மூஞ்சிக்கு நேரா எப்படி மேடம் சொல்றது? ஆர்டர் கொடுக்கிறவர்.”

இதற்குப் பிறகு இரண்டு வருடம் நடந்ததை நினைத்தாலே எனக்குத் தலை வலிக்கிறது. குற்றப்பத்திரிகையில் ரவிச்சந்திரன் பெயரைப் பார்த்தவர்கள் எல்லாரும் என்னிடம் சண்டைக்கு வந்தார்கள். அவருடைய வக்கீல், “விருந்து வைக்கிறது குற்றமா மேடம்?” என்றார். என் துறையிலேயே ஒருவர், “இப்படிப் போட்டா நாளைக்கு நாம யார் வீட்டுக்கும் சாப்பிடப் போக முடியாது” என்றார். என் சொந்தத் தம்பி அவன் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குக் கூப்பிட்டபோது, “அக்கா, நீ காலைல டிபனுக்கு வந்துட்டுப் போயிடு” என்றான். கன்னியம்மா எப்படி இருக்கிறாள் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

கன்னியம்மாவின் காலில் கம்பி வைத்திருந்தார்கள். கூடையைத் தூக்கிக்கொண்டு நடக்கிற வேலை அதோடு போயிற்று. மருமகள் கூடையை எடுத்துக்கொண்டாள். இவள் சாலையோரத்தில் உட்கார்ந்து மீன் நறுக்கிக் கொடுத்தாள். நான் சம்மன் கொடுக்கப் போகும்போதெல்லாம், “எத்தினி தபா வரணும் மேடம்? ஒரு தபா வந்தா கால் நாலு நாளிக்கி வீங்கிக்கினு கீது” என்பாள். வாய்தா வாங்குவது சேகரின் வக்கீல். பேச்சு வாங்குவது நான்.

இதற்கிடையில் சேகரை அவர் கம்பெனி வேலையிலிருந்து அனுப்பிவிட்டது. யார் முகத்துக்கு நேராகச் சொல்ல முடியவில்லை என்று ரவிச்சந்திரன் சாவியைக் கொடுத்தாரோ, அவரிடம் கொடுப்பதற்கு இப்போது ஆர்டரே இல்லை. ரவிச்சந்திரன் ஒவ்வொரு வாய்தாவுக்கும் தனியாக வந்து நிற்பார். சேகர் அவரிடம் பேசுவதில்லை.

கன்னியம்மா சாட்சி சொல்ல வேண்டிய நாள் வந்தது. சைதாப்பேட்டை நீதிமன்றத்தில் காலையிலிருந்து காத்திருந்தோம். வழக்கு எண்ணைக் கூப்பிட்டார்கள். கன்னியம்மா கைத்தடியை ஊன்றிக் கூண்டின் படியில் ஏறப் பார்த்தாள். ஒரு படிதான். முதல் தடவை முடியவில்லை. இரண்டாவது தடவை நான் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

அப்போது ரவிச்சந்திரன் தன் இடத்திலிருந்து, “ஐயா, நான் ஒத்துக்கறேன்” என்றார்.

அவர் வக்கீல் திரும்பி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். ரவிச்சந்திரன் கையை விலக்கிக்கொண்டார். யாராவது சொல்லிக் கொடுத்தார்களா, பயமுறுத்தினார்களா, ஒத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று தெரியுமா என்றெல்லாம் மாஜிஸ்திரேட் ஒவ்வொன்றாகக் கேட்டார். “தெரியும் ஐயா. அவரால ஓட்ட முடியாதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் அனுப்பினேன்.”

அவரை வழக்கிலிருந்து தனியாகப் பிரித்து, அபராதமும், அன்று நீதிமன்றம் கலையும் வரை சிறையும் விதித்தார்கள். அப்படி ஒரு தண்டனை உண்டு. அன்றைய வேலை முடிந்து மாஜிஸ்திரேட் எழுந்து போகும் வரை, தண்டனை பெற்றவர் அங்கேயே இருக்க வேண்டும். சேகர் கடைசி வரை வழக்காடினார். அவருக்குப் பிறகு தண்டனையும் வந்தது, ஓட்டுநர் உரிமமும் போனது. அந்த நாளில் நான் அங்கே இல்லை.

கன்னியம்மா சாட்சி சொல்லி முடித்தாள். அவள் மகன் ஆட்டோ ஓட்டுகிறவன். சவாரியை விட்டுவிட்டு வர நேரமாகும் என்று போனில் சொன்னான். உட்கார வேறு இடம் இல்லை. பின்வரிசையில் ரவிச்சந்திரன் இருந்த பெஞ்சிலேயே அவளை உட்கார வைத்துவிட்டு, நானும் ஓரமாக உட்கார்ந்தேன். அரை மணி நேரம் போயிருக்கும். பிறகு அவளே கேட்டாள், குரலைத் தாழ்த்தி.

“வண்டிய நீதான் வெளிய எட்த்தியாமே?”

“ஆமாம்மா.”

“நீ குடிக்கல?”

“இல்லம்மா.”

“அந்தாள் வூடு எங்க?”

“மந்தவெளி.”

அவள் மனதுக்குள் வழியைப் போட்டுப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. தலையில் கூடையோடு வருடக்கணக்காக நடந்த வழி அவளுக்கு.

“கால் மணி நேரம் கூட ஆவாதே. ஸ்டேரிங்ல நீதானே குந்திக்கினு இருந்த. எறங்காம அப்டியே ஓட்டிக்கினு போய் அந்தாள வூட்ல வுட்டுட்டு, ஒரு ஆட்டோ புட்ச்சி வந்திருக்கலாமே நைனா.”

ரவிச்சந்திரன் அவளைத் திரும்பிப் பார்த்தார். நானும்தான். அந்தப் பதிவை எத்தனையோ தடவை ஓட்டிப் பார்த்திருக்கிறேன். அருள்தாஸ் நிமிடம் நிமிடமாகத் தாளில் எழுதியிருக்கிறார். குற்றப்பத்திரிகை எழுதினேன், வக்கீல்கள் வாதாடினார்கள். எங்கள் யாருக்கும் இது தோன்றியிருக்கவில்லை.

“தோணலம்மா” என்றார்.

கன்னியம்மா காலை நீட்டி, முழங்காலுக்குக் கீழே இரண்டு கையாலும் அழுத்திவிட்டுக்கொண்டாள். அவள் மகன் வாசலில் வந்து நின்று கூப்பிட்டான். நான் அவளைத் தூக்கி நிறுத்தினேன். அவள் போவதை ரவிச்சந்திரன் வாசல் வரை பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஐந்து மணிக்கு மேல் மாஜிஸ்திரேட் எழுந்து போனார். நாங்களும் எழுந்தோம். ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு வந்த ஊழியர், “சார், உங்க தண்டனை முடிஞ்சிருச்சு, நீங்க போகலாம்” என்று ரவிச்சந்திரனிடம் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.